ஈரச் சாக்குக்கு அடியில் ஏறிய சூடு

அவைக்குத் தலைமை ஏற்று, "சுருக்கமாப் பேசு தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் விரிவாகப் பேசி அமர்ந்திருக்கும், ஆனைக்குட்டம் கரும்பு விவசாயிகளின் தலைவர், மதிப்பிற்குரிய அய்யா அய்யாதுரை அவர்களே! வரப்பிலே நின்று வாயால் மட்டும் சொல்லாமல், வயலிலே மண்டியிட்டு மண்ணைக் கிளறி, வேரைக் கடிக்கும் புழுவைத் தம் விரலாலே எடுத்துக் காட்டிய வேளாண்மை அலுவலர், என் அன்புத் தங்கை அனுப்பிரியா அவர்களே! அணைக்கட்டின் அடிவாரத்திலே, கிடைத்த தண்ணீருக்குள் கரும்பை வளர்த்துக் கரைசேரத் துடிக்கும் பெரியோர்களே! ஆமத்தூரிலிருந்து மழைச் சேற்றிலே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கும் சகோதரர்களே! பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய் முகத்தைக்கூடக் கழுவாமல், விரலிலே வெள்ளிப்பொடி மின்ன, விழியிலே தூக்கம் மிதக்க வந்து அமர்ந்திருக்கும் என்னைப் பெற்ற தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும், நேற்றுப் பெய்த கோடை மழையின் குளிர்ச்சியோடு என் வணக்கம்.

ஏ வேலுச்சாமி, மைக்கு கூவுது பாரு, கொஞ்சம் கொறை. ஆங், இப்ப சரி. பின்னால இருக்கவுகளுக்குக் கேக்குதா? கேக்குதுன்னு கையத் தூக்குறீகளே, கேக்காமயா தூக்குவீக!

நான் யார்? பட்டாசுத் தொழிலாளர் சங்கத்து மேடைகளிலே, பாதுகாப்புக்காகத் தொண்டை வறளக் கத்திப் பழகியவள். முத்துமாரியம்மாள் என்றால் முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். இப்படிப்பட்டவளுக்குக் கரும்பு மேடையிலே என்ன வேலை? வெடிக்கும் வேருக்கும் என்ன உறவு? திரிக்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு? நீங்கள் கேட்கிறீர்கள்; கேட்க வேண்டிய கேள்விதான். பதில் அதோ அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களே என்று குனிந்துகொள்கிறாரே, அவர் என் உடன்பிறந்த அண்ணன் சங்கிலிமுத்து. பக்கத்திலே அவரை இடித்து நிமிர்ந்து உட்காரச் சொல்கிறாரே, அவர் என் மதினி கருப்பம்மாள். அவர்கள் வயலிலே போன வருஷம் நடந்ததைச் சொல்லலாமா என்று கேட்டேன். மதினி சரி என்றார். அண்ணனும் தலையை ஆட்டினார். கேட்காத காதுப் பக்கம் நின்று கேட்டேனோ என்னவோ, தெரியாது!

பெரியோர்களே, அந்தக் காது ஏன் கேட்காமல் போனது என்பது இந்த ஊரில் பலருக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கே மருந்துக் கலவை அறையில் என் அண்ணனும் அவருடைய உயிர்த்தோழர் கருப்பணனும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மருந்திலே எப்படியோ ஈரம் பட்டுவிட்டது. ஈரம் பட்ட மருந்து என்ன செய்யும்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். ஆமாம், தானாகச் சூடேறும். அண்ணன் கை வைத்துப் பார்த்தார், சூடு தெரிந்தது. "ஏலே கருப்பணா, ஓடு" என்று கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தார். பின்னால் கருப்பணன் வருகிறான் என்று நினைத்துக்கொண்டே ஓடினார். கருப்பணன் வரவில்லை. அண்ணனுக்கு ஒரு காது போனது. கருப்பணன் வீட்டுக்கு விளக்கே போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு மதினி சொன்னார்: "இனிமே நீங்க வேன்ல ஏறக் கூடாது. எங்கய்யா விட்டுப்போன நெலம் கெடக்கு. கரும்பு போடுவோம். கஞ்சியக் குடிச்சாலும் ஒண்ணா ஒக்காந்து குடிப்போம்." கட்டளை என்று சொல்வதா, கெஞ்சல் என்று சொல்வதா? இரண்டும்தான். கரும்பு நின்றால் கணவர் நிற்பார். கரும்பு சாய்ந்தால் கணவர் மறுபடியும் அந்த அறைக்குப் போவார். மற்றவர்களுக்கு அது வெறும் பயிர். என் மதினிக்கு அது புருஷனை வீட்டிலே வைத்திருக்கும் வேலி.

தையிலே நட்டார்கள். ஆனியிலே ஆளுயரம் வளர்ந்தது. ஆவணியிலே ஆரம்பித்தது அழிவு! தோகை மஞ்சளானது. தண்ணீர் பாய்ச்சினாலும் வாடியது. பிடித்து இழுத்தால், எதிர்ப்பே இல்லாமல், தூரோடு கையிலே வந்தது. கண் பட்டுவிட்டது என்று சொல்லி வரப்பிலே பூசணிக்காய் உடைத்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் தலைவர் அய்யா கோபித்துக்கொள்வார், விடுங்கள். உண்மையில் பட்டது கண் அல்ல, பல். மண்ணுக்குள்ளே மறைந்து, வளைந்து கிடந்து, வேரை வெட்டி வெட்டித் தின்னும் வெள்ளைப்புழுவின் பல். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே தோண்டினால் குலை நடுங்கும்.

முதலில் பார்த்தது மதினி. பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா? சாய்ந்த கரும்புகளை எல்லாம் நிமிர்த்தி, நல்ல தூரோடு சேர்த்துத் தோகையாலே கட்டிவைத்தார். அண்ணன் வயலுக்கு வருவதற்குள் போய், தினமும் கட்டினார். வேர் இல்லாத கரும்பைக் கட்டி நிற்கவைத்தால் வேர் வந்துவிடுமா? வராது என்று அவருக்கும் தெரியும். புருஷன் கண்ணில் படாமல் இன்னும் சில நாள் ஓடட்டும் என்றுதான் கட்டினார். அண்ணனோ, பட்டாசுக்குச் சரம் பின்னிப் பழகியவர். மனைவி போட்ட முடிச்சை அடையாளம் தெரியாதா அவருக்கு? தெரிந்தும் தெரியாதவர் போல, "கரும்பு நல்லாத்தான் நிக்குது கருப்பம்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். இவர் மறைக்க, அவர் மறைந்ததாக நடிக்க, வயலுக்குள்ளே புழு மட்டும் மறைக்காமல் தின்றது. இப்படி ஒரு புருஷன் பெண்டாட்டியை என்னவென்று சொல்வது!

கடைசியில் நான்தான் பொறுக்கமாட்டாமல் வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்த் தங்கை அனுப்பிரியாவைக் கூட்டிவந்தேன். தோண்டினார். புழுவை எடுத்தார். பச்சை நிறப் பொடி ஒன்றைக் கொடுத்தார். அது விஷம் அல்ல, ஒருவகைப் பூஞ்சை. புழுவின் தோலிலே ஒட்டும், உள்ளே வேர்விடும், புழுவைக் கொன்று அதன் மேலேயே பச்சையாகப் பூக்கும், அடுத்த புழுவுக்கும் பரவும். ஒரே ஒரு நிபந்தனை. அது உயிருள்ளது. ஆகவே தொழுஉரத்தோடு கலந்து, தண்ணீர் தெளித்து, நிழலிலே வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும். பூஞ்சை பெருகிய பிறகு கரும்பின் அடியில் போட்டு மண் அணைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். "வெயில் மட்டும் படவே கூடாதுங்க அண்ணே, பட்டா செத்துரும்" என்று தங்கை சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் கலந்தார். எப்படிக் கலந்தார்! சட்டையைக் கழற்றி, வெறுங்காலோடு, மரத்துடுப்பால், மூச்சு விடும் சத்தம்கூட வராமல் கலந்தார். பேசினால் கையைக் காட்டி அமர்த்தினார். "அண்ணே, இது சாணி, வெடிக்காது" என்று நான்கூடக் கேலி செய்தேன். பம்புசெட்டுக் கூரை நிழலிலே குவித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்தார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மதினி குவியலுக்குப் பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து சாக்கைத் தூக்கினார். உள்ளே கை விட்டார். சூடு! அவ்வளவுதான். அரிவாள் ஒரு பக்கம், புல்லுக்கட்டு ஒரு பக்கம்! மதினியின் கையைப் பிடித்தார், "ஓடு ஓடு" என்று கத்திக்கொண்டே இழுத்துக்கொண்டு ஓடினார், ஓடைக் கரையைத் தாண்டிக் குதித்தார், மதினியைச் சேற்றிலே தள்ளி, அவர் மேலே தன் உடம்பால் மூடிப் படுத்துக்கொண்டார். வெடிக்கும் வெடிக்கும் என்று கண்ணை மூடிக் கிடக்கிறார் மனிதர். சாணிக் குவியல் சாதுவாகப் புகைகூட விடாமல் இருக்கிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். மேலே கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சேற்றிலே கிடந்த ஒருத்திதான் சிரிக்கவில்லை. மதினி மெதுவாகப் புரண்டு, அண்ணனின் கேட்கும் காதுப் பக்கம் வாயை வைத்து, "ஒண்ணுமில்லங்க. எருச் சூடுங்க. நா இங்கனதான் இருக்கேன்" என்றார். அண்ணன் பிடித்த கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "எருக்குவியல் சூடாகும்னு எனக்குத் தெரியாதா மாரி? புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. அன்னைக்கு கருப்பணன் கையப் பிடிச்சு இழுத்துருந்தா அவனும் வந்துருப்பான்." அதுவரை அதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அப்புறம் எங்கே சிரிப்பது? மேடையில் ஏறி நான் ஆயிரம் முறை "விபத்து" என்று முழங்கியிருக்கிறேன்; என் வீட்டிலேயே அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் அண்ணன் என்ன செய்தார்? ஈரம் பட்ட மருந்தை ஒரு மருந்தறைக்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். குவியலைப் பிரித்து, களத்திலே மெல்லியதாகப் பரப்பி, வெயிலிலே காயவைத்தார். பச்சைப் பூஞ்சை என்ன ஆகும்? செத்துப்போகும். இதை வேறு எந்த ஊர் விவசாயியாவது செய்வானா? செய்யமாட்டான். ஈரம் என்றால் ஆபத்து, காய்ந்தால் காவல் என்று வளர்ந்த நம் சிவகாசிச் சீமை ஆள்தான் செய்வான்.

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். மதினி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெயில் பட்டால் வீணாகும் என்பது அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. "ஏன் மதினி?" என்று சண்டை போட்டேன். "போகட்டும் மாரி. அந்தச் சூடு அங்கன இருந்தா அவுக கண்ணசரமாட்டாக. கரும்பு போனா போகுது, மனுசன் தூங்கட்டும்" என்றார். எந்தக் கரும்புக்காக விடியுமுன் எழுந்து முடிச்சுப் போட்டாரோ, அந்தக் கரும்பை ஒரு மனிதனின் தூக்கத்துக்காகக் கை நழுவ விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

காய்ந்த பொடியைப் போட்டார்கள். புழுவுக்கு என்ன வந்தது? கொழுத்தது. கீழ்மூலை முழுதும் சாய்ந்தது. அண்ணன் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கெழமையில இருந்து வேனுக்குப் போறேன். சொல்லிட்டேன்."

மதினி அப்படியே எழுந்தார். கை கழுவினார். நேரே அலுவலகம் போய்த் தங்கையைப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். தங்கை அனுப்பிரியா கடிந்துகொள்ளவில்லை. "சூடாகும்னு நான் சொல்லியிருக்கணும்க்கா. மத்த ஊர்ல யாருக்கும் அது பெரிசாத் தெரியாது, அதனால தோணல" என்றார். இன்னொரு பொட்டலம் கொடுத்தார். அதோடு ஒன்றையும் சொன்னார். கீழ்மூலையில் புழு மிஞ்சிவிட்டது, அங்கே பூஞ்சையின் வேகம் போதாது, அந்த மூலைக்கு மட்டும் குருணை மருந்து போடுங்கள் என்றார்.

ரசாயனமா என்று முகம் சுளிக்காதீர்கள் சகோதரர்களே. ரசாயனம் நமக்குப் பகையா? அதிலேதானே நம் மாவட்டம் பாதி உலை வைக்கிறது! அளவு தெரியாமல் அள்ளி இறைப்பதுதான் பகை. வெறுங்கையால் குருணையைத் தூவிவிட்டு அதே கையால் வெற்றிலை போடுவதுதான் பகை. அண்ணன் கையுறை மாட்டி, மூக்கைக் கட்டி, ஈர மண்ணிலே தூருக்கு அடியில் வைத்து மூடினார். அந்த மூலைத் தோகையை மாட்டுக்குப் போடவில்லை; அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினார். ஆபத்தான பொருளைக் கையாள்வதிலே நம் ஆட்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

ஆனால் குவியல்? மீதி வயலுக்குக் குவியல் வேண்டுமே? ஈரமும் வேண்டும், சூடும் வரும், பக்கத்திலே அண்ணனும் இருக்க வேண்டும்! அந்தத் திங்கட்கிழமை வேன் வருமுன்னே மதினி அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பம்புசெட்டு நிழலிலே உட்காரவைத்தார். தானே கலந்தார், தானே மூடினார். மறுநாள் சூடேறியது. அண்ணன் நெற்றியில் வேர்வை. கால் எழுந்து ஓடத் துடிக்கிறது. மதினி சாக்கைத் தூக்கிவிட்டுத் தன் கையை முழங்கை வரை குவியலுக்குள் விட்டார். விட்டுக்கொண்டே சொன்னார்: "பயமா இருந்தா பயப்படுங்க. நா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். ஆனா இந்தக் கை இங்கனதான் இருக்கும். நீங்க ஓடுனா நா இல்லாமத்தான் ஓடணும்."

அவைப் பெரியோர்களே! கைவிட்டு ஓடியதற்காகக் காலமெல்லாம் கலங்கிய மனிதர், இன்னொரு முறை ஓடுவாரா? ஓட முடியுமா? ஓட மனம்தான் வருமா? அண்ணன் உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்து, உட்கார்ந்து, கடைசியில் தன் கையையும் உள்ளே விட்டு மதினியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எந்தச் சூடு தோழனைக் கொன்றதோ அந்தச் சூட்டுக்கு உள்ளேயே கையை வைத்துக்கொண்டு, "சூடாத்தான் இருக்கு கருப்பம்மா, ஆனா அது பாட்டுக்கு இருக்கு" என்றார். நான் பம்புசெட்டுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வேலுச்சாமி, அந்தத் தண்ணிச் செம்ப இங்கிட்டு நீட்டு.

சாக்கைத் தூக்கிய ஒரு காலையில் குவியல் முழுதும் பச்சை பூத்திருந்தது. வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் தூர் தூராகப் போட்டு மண் அணைத்தார்கள். குருணை பட்டால் பூஞ்சை கெடும் என்று அந்த மூலைப் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகவில்லை. அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. சாய்ந்தது சாய்ந்ததுதான். ஆனால் சாய்வு நின்றது. தோண்டிப் பார்த்தால், பச்சைப் பொடி பூசியது போலப் புழுக்கள் செத்துக் கிடந்தன. தையிலே லாரி வந்து கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனது. கட்டையிலிருந்து இப்போது மறுதாம்பு தளிர்த்து நிற்கிறது, போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, வேன் என்ன ஆனது என்று கேட்கிறார் அந்த அக்கா. கேளுங்கள் அதையும்.

போன வாரம் கம்பெனி ஃபோர்மேன் சீனிவாசகம் அண்ணாச்சி வயலுக்கே வேனைக் கொண்டுவந்துவிட்டார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "சங்கிலி, சீசன் வந்துருச்சு. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. மருந்தறைக்கு ஒன்னய மாதிரி கை அமையமாட்டேங்குது. வண்டியில ஏறுலே" என்றார். அண்ணன் அப்போது பக்கத்து வயல்காரர்களுக்காகக் குவியல் கலந்துகொண்டிருந்தார். மதினி வாய்க்காலில் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. சாக்கைப் பிழிந்த கை மட்டும் அப்படியே நின்றது. கரும்பு விளைந்தும் மனிதர் போய்விடுவாரோ? இத்தனையும் இதற்குத்தானோ?

அண்ணன் எழுந்தார். முழங்கை வரை எருவும் ஈரமுமாக வழிந்த இரண்டு கைகளையும் ஃபோர்மேனுக்கு முன்னால் நீட்டினார்.

"பாத்தீகளா அண்ணாச்சி. கை ஈரமாயிருச்சு. இனிமே இது மருந்தறைக்கு ஆகாது."

ஈரக் கையோடு ஒருவனை மருந்தறைக்குள் விட எந்த ஃபோர்மேனுக்காவது மனம் வருமா? சீனிவாசகம் அண்ணாச்சி அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். "சரிலே. நல்லாரு" என்றார். வேன் திரும்பிப் போனது. மதினி வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்பிற்குரியவர்களே! நேற்று மழை பெய்திருக்கிறது. மண்ணுக்குள் கிடந்த வண்டுகள் இன்று பொழுது சாய்ந்ததும் கிளம்பும். நம் தலைக்கு மேலே நிற்கும் இந்த வேப்ப மரங்களில்தான் வந்து கூடும். கூடியவை மறுபடி மண்ணிலே இறங்கி முட்டையிட்டால், ஆவணியிலே அத்தனையும் புழு. ஒருவர் உலுக்கினால் பக்கத்து மரத்துக்குப் பறக்கும். ஊரே ஒரே நேரத்தில் உலுக்கினால் எங்கே பறக்கும்? தாய்மார்களே, நீங்கள் களைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நிலம் இல்லாதவர்களும் இருக்கிறீர்கள், அதுவும் தெரியும். ஆனால் இன்றைக்கு நீங்கள் ஆளுக்கு ஒரு கிளையை உலுக்கினால், நம்மில் ஒருத்தியின் புருஷன் அந்த அறைக்குப் போகாமல் வீட்டிலே இருப்பான். அவள் கஞ்சி குடிக்கும்போது எதிரே அவன் உட்கார்ந்திருப்பான். அதைவிட வேறென்ன சொல்லி உங்களை நான் எழுப்புவது?

எழுந்துட்டீகளா! இருங்க, இருங்க, நன்றி சொல்லி முடிச்சுக்கிடுறேன்.

அவகாசம் தந்த தலைவர் அய்யாவுக்கும், ஏசாமல் இரண்டாவது பொட்டலம் தந்த தங்கைக்கும், தம் துயரத்தை எனக்குக் கடன் கொடுத்த அண்ணனுக்கும் மதினிக்கும், கேட்டு, சிரித்து, கண் கலங்கிய உங்கள் அனைவருக்கும் இந்த மாரியின் கைகூப்பிய வணக்கம். உதிரும் வண்டுகளைப் பொறுக்கிப் போட்டுக் கொல்ல, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளிகள் மேடைக்குப் பின்னால் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், மரத்தடிக்குப் போவோம்.